தொடக்கப்பள்ளியும் வாசிப்பு விழாவும்: ஒரு வரலாற்றுப் பார்வை



யூபிலி மலர் என்றவுடன் கோவிலின் அடிக்கல், மணிக்கூண்டு, நம்மிடையே பணியாற்றிச் சென்ற குருக்கள், கன்னியர்கள் ஆகியோரின் வரலாற்றை எதிர்பார்ப்பது இயல்பு. நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று புத்தகத்தைக் கையில் ஏந்தி, பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுக்காமல், ஒரு வரியைத் தானே படிப்பதே அது.

தமிழகமெங்கும் தொடக்கப்பள்ளிகளில் இன்று வாசிப்பு விழாக்களும் கற்றல் கொண்டாட்டங்களும் நடைபெறுகின்றன. குழந்தைகள் கதை வாசிக்கின்றனர். வாசித்ததை நடித்துக் காட்டுகின்றனர். பெற்றோர் வந்து அமர்ந்து கேட்கின்றனர். இது புதிய வழக்கம்போலத் தோன்றினாலும் இதன் வேர் பழமையானது. அந்த வேரைத் தேடிச் செல்லும்போது ஒரு கேள்வியும் நம் கூடவே வருகின்றது. இந்த விழா நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கா, படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கா?

திண்ணையும் மணலும்

நம் முன்னோர் கண்ட பள்ளி திண்ணைப் பள்ளிக்கூடம். பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே வாயால் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். அரிச்சுவடி முடிந்தால் எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் எனப் பாடம் நீளும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். நவராத்திரிக் காலத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் வீடு வீடாகச் சென்று பாடி வருவார்கள். ஊரார் அன்புடன் கொடுப்பது ஆசிரியருக்குச் சேரும். பள்ளியில் கற்றதை ஊரார் காது குளிரக் கேட்ட நாள் அது. ஆகவே கற்றலைக் கொண்டாடுவது நமக்குப் புதிதன்று.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியின் பொறுப்பை 1789-ல் ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டு சென்றார். மூத்த மாணவரே இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-ல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இம்முறை இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றுப் பரவியது. நம் திண்ணை கடல் கடந்து பாடம் சொல்லிக் கொடுத்தது என்றால் மிகையாகாது.

ஆயினும் அத்திண்ணைக்குக் குறைகளும் உண்டு. பெண் குழந்தைகளும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றனர். மனப்பாடமே பெரிதாக இருந்ததால், சுவடியைப் பார்க்காமலே ஒப்பிக்கும் பிள்ளைக்குச் சுவடியைப் படிக்கத் தெரியுமா என்று அறிவது அரிதாயிற்று. ஒப்பித்தல் வேறு, வாசித்தல் வேறு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

எரியா, ஏரியா?

இந்திய மொழி ஒன்றில் நம் நாட்டு மண்ணில் அச்சான முதல் நூல் தமிழ் நூலே. ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் அந்த 16 பக்க நூலைச் சேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்டார். அச்சு வந்தும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பிள்ளைகளின் கையில் இருந்தது பனையோலைதான். அந்த ஓலையில் ஒரு சங்கடம் இருந்தது.

எகரமும் ஒகரமும் குறிலாக வரும்போது புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் சொன்ன விதி. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டனர். எனவே ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஓலையில் ஒன்றாகவே காட்சி தந்தன. ‘தொடு’ என்பதா, ‘தோடு’ என்பதா என்று இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். சொல்லை முன்பே அறிந்தவன் படிப்பான். புதிதாய்க் கற்கும் பிள்ளை திகைக்கும்.

இத்தாலியில் 1680-ல் பிறந்து, தமிழகம் வந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் இச்சங்கடத்தைத் தீர்க்க வழி கண்டார். நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்தார். ஏகாரத்தின் கீழ் இழுக்கும் கோடும், ஓகாரத்தின் அடியில் வளையும் சுழியும், ‘கே’, ‘கோ’ எழுதும்போது கொம்பின் மேல் இடும் சுழியும் அவர் தந்த முறையே. அவர் 1732-ல் முடித்த சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கியதும் கற்போருக்குச் செய்த பேருதவி. ‘தேம்பாவணி’ பாடிய பெரும் புலவர் என்று அவரைப் போற்றுகின்றோம். ‘ஏணி’ என்று எழுதும் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் அவர் ஆசிரியரே.

சுமையைக் குறைக்கும் அப்பணி பின்னரும் தொடர்ந்தது. தந்தை பெரியார் 1935 முதல் தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு முன் பள்ளியில் பயின்ற நம் பங்கின் பெரியோர் ‘யானை’ என்று எழுதத் துதிக்கை போன்ற கொம்பு போட்டதை இன்றும் நினைவு கூர்வர்.

உரைநடை தந்த உறவினர்

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-ல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப் பதவி வகித்த அவர் 1879-ல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். பாட்டைக் காதால் கேட்டு மனத்தில் இருத்தலாம். நீண்ட உரைநடைக் கதையைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்தே தீர வேண்டும். ஆதலால் தாமே படிக்கும் வாசகரை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பெண்கள் படிக்க வேண்டும் என்று அக்காலத்திலேயே வற்புறுத்தி எழுதியவரும் அவரே.

காட்டூரும் பாப்பாக்குறிச்சியும்

தஞ்சைச் சாலையில் அரியமங்கலத்திற்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்தது நம் காட்டூர். 1928-ல் பொன்மலை இரயில்வே பணிமனையும், 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனமும் இப்பகுதிக்குப் பல ஊர் மக்களைக் கொண்டு வந்து சேர்த்தன. வேலை தேடி வந்த குடும்பங்களோடு பிள்ளைகளும் வந்தனர், பள்ளிகள் நிறைந்தன.

ஆனால் பள்ளி இருந்தால் மட்டும் போதுமா? பசித்த வயிற்றோடு வரும் குழந்தையின் கண்ணுக்குக் கரும்பலகையில் எழுத்தா தெரியும்? பெருந்தலைவர் காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சு, கடிகாரம், நாற்காலி, சீருடை எனத் தங்களால் இயன்றதைப் பள்ளிக்கு அளித்து மகிழ்ந்தனர். அவையும் கல்வித் திருவிழாக்களே.

1982 ஜூலை 1-ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம், நம்மை ஒட்டிய பாப்பாக்குறிச்சி. தமிழகத்தின் இலட்சக்கணக்கான குழந்தைகள் உண்ட சோற்றின் வரலாறு நம் தெருமுனையில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கின்றோமா? அதன் தொடர்ச்சியாக 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. 2024-ல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவடைந்தது.

வகுப்பறை மாறிய விதம்

2007-ஆம் ஆண்டில் செயல்வழிக் கற்றல் தமிழகத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாயிற்று. பிள்ளை தான் ஏறிய படியை ஏணிப் படத்தில் பார்த்து அடுத்த அட்டையைத் தானே எடுத்தது. சுவரில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் பாயில் அமர்ந்து பிள்ளைகளோடு பேசினார்.

பின்னர் வந்தது கொரோனாத் தொற்று. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாளே திறந்தன. முதல் வகுப்பில் எழுத்தைத் தொட்டும் தொடாமலும் விட்ட குழந்தை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. இந்த இழப்பை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் வீட்டுக்கு அருகிலேயே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். 2022 ஜூன் 1 முதல் 12 வரை கைப்பேசிச் செயலி வழியாக வாசிப்பு மாரத்தான் ஒன்றும் நடந்தது. 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கலந்துகொண்ட அதில், ஒன்றியங்களுள் முதலிடம் பெற்றது நம் மாவட்டத்து லால்குடி ஒன்றியம்.

அதே ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துப் பயிற்சி தருவது அதன் முறை. அடுத்து வந்த வாசிப்பு இயக்கம் சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக அமைத்தது. தவழும் பிள்ளையை யாரும் ஓடச் சொல்வதில்லை. வாசிப்பிலும் அப்படியே என்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன.

தடுமாறும் பிள்ளைக்கு ஓர் இடம்

தமிழ் வாசிப்பில் ஒரு நுட்பம் உண்டு. ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ பின்னே வருகின்றது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் சூழ்கின்றது. கண் ஒரு வரிசையிலும் காது ஒரு வரிசையிலும் செல்வதால் குழந்தை தயங்குகின்றது. அத்தயக்கம் மந்தபுத்தியன்று, கற்றலின் ஒரு படி. ‘இதுகூடத் தெரியவில்லையா?’ என்று நாம் அதட்டினால், குழந்தை மறைக்கக் கற்றுக்கொள்ளும். கூட்டத்தோடு சேர்ந்து உரக்கச் சொல்லும். பக்கத்தை மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பார்ப்பதுபோல் ஒப்பிக்கும். இப்படியே ஐந்தாம் வகுப்பைக் கடந்து போகும் பிள்ளைகளும் உண்டு. திண்ணைக் காலத்துக் குறை இன்னும் முற்றிலும் தீரவில்லை.

விழா நாளில் மேடைக்கு யாரை அனுப்புகின்றோம்? தடையின்றிப் படிக்கும் நால்வரை. மற்றவர் கைதட்டுகின்றனர். நம் கேள்விக்கு விடை இங்குதான் இருக்கின்றது. வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தியது தெரிந்த புலவருக்காகவா? பாப்பாக்குறிச்சியில் இலை போட்டது வீட்டில் உண்டு வந்த பிள்ளைக்காகவா? இவ்வரலாற்றில் நாம் போற்றும் ஒவ்வொரு படியும் பின்தங்கி நின்ற குழந்தையை நினைத்தே வைக்கப்பட்டது. வாசிப்பு விழாவும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

ஆகவே பங்கு மக்களுக்குச் சில வேண்டுகோள்கள். பள்ளி விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது வாசிக்கட்டும்; அது அதன் நிலைக்கேற்ற புத்தகமாக இருக்கட்டும். வரி முடியும் வரை யாரும் குறுக்கிட்டுத் திருத்தாதிருப்போம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் தாத்தாமாரும் முன்வரிசையில் அமரட்டும். கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை. ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் கால் மணி நேரம் கதைப் புத்தகம் வாசிக்க ஏற்பாடு செய்யலாம். நம் இளைஞர்கள் அக்காலச் சட்டாம்பிள்ளையைப்போல், ஆனால் பிரம்பில்லாமல், ஆளுக்கு ஒரு பிள்ளையை அருகில் அமர்த்திக் கேட்கலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் மக்கள் மொழிக்கு வழி திறந்தது. அதன்பின் இலத்தீன் ஒலித்த பீடத்தில் தமிழ் ஒலித்தது. பங்கு மக்களே வாசக மேடையேறி இறைவார்த்தையை வாசிக்கலாயினர். அம்மேடைக்கு வரும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தொடக்கப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவரே. அடுத்த யூபிலியின்போது அங்கு நின்று வாசிக்கப் போகின்றவர், இன்று நம் தெருவில் ஏதோ ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் ‘கெ’ என்ற எழுத்தின் முன் தயங்கி நிற்கக்கூடும். அக்குழந்தையின் அருகில் அமரும் பொறுமையை இறைவன் நம் எல்லோருக்கும் அருள்வாராக.