அகதிகளின் கண்ணீர்: மனம் இரங்கினால் சட்டமும் இளகுமா?

சிலிம் ரிவருக்கு வடக்கே உள்ள பீடோரில், 2024 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பியோடினர். அவர்களில் பெரும்பாலோர் ரோஹிங்யா அகதிகள். ஒருவர் சாலை விபத்தில் மாண்டார். அந்தச் செய்தியில் வட்டார மக்கள் அறிந்தது எண்ணிக்கையை மட்டுமே. ஓடியவர்களின் முகமோ குரலோ யாருக்கும் தெரியாது.

முகமும் குரலும் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பிலோவேலா சிற்றூர் ஓர் எடுத்துக்காட்டு. இறைச்சித் தொழிற்சாலையை நம்பி வாழும் அவ்வூரில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை, விசா முடிந்ததால் 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடியற்காலையில் பிடித்துச் சென்றனர். 2019 ஆகஸ்டில் நாடுகடத்த விமானத்தில் ஏற்றியபோது தாயும் இரு பெண் குழந்தைகளும் கதறிய காணொளி பரவியது. நீதிமன்றத் தடையால் விமானம் டார்வினில் இறங்கியது. 2021இல் இளைய குழந்தை மருத்துவமனைப் படுக்கையில் அழும் படமும் நாட்டை உலுக்கியது. ஊர்மக்களே முன்னின்று நடத்திய இயக்கத்தின் மனுவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஆட்சி மாறியபின், 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது.

ஆனால், படகில் வருவோரைத் திருப்பி அனுப்பும் ஆஸ்திரேலியக் கொள்கை மாறவில்லை. கண்ணீர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கித் தந்தது.

இரக்கத்தின் ஆயுளும் குறைவு. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் சிரியச் சிறுவன் ஆலன் குர்டியின் உடல் ஒதுங்கிய படம் வெளியானது. அதன்பின் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய அகதிகள் நிதிக்கு வந்த தினசரி நன்கொடை 55 மடங்கு உயர்ந்தது. ஆறு வாரங்களில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மலேசியாவிலும் இதே கதைதான். 2015 மே மாதம், கடலில் தத்தளித்த ரோஹிங்யா மக்களின் அழுகையை உலகமே பார்த்தது. ஏழாயிரம் பேருக்குத் தற்காலிக அடைக்கலம் தர மலேசியாவும் இந்தோனேசியாவும் இணங்கின. 2020 ஏப்ரலில், கோவிட் அச்சத்துக்கிடையே, லங்காவி அருகே ஒரு படகு திருப்பி அனுப்பப்பட்டது. ரோஹிங்யா தலைவர் ஒருவர் குடியுரிமை கேட்டதாகவும் செய்தி பரவியது. அவர் மறுத்தும் இணையத்தில் வெறுப்பு அடங்கவில்லை. அழுதபோது இரங்கிய பலர், உரிமை கேட்டதாகக் கேள்விப்பட்டதும் சினந்தனர். அகதி அழலாம், நன்றி சொல்லலாம். கோபப்படவோ கேட்கவோ கூடாது என்பது எழுதப்படாத விதியாக உள்ளது.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் இங்கே பதிந்துள்ள 180,000க்கும் மேற்பட்டோரில் இலங்கைத் தமிழர்களும் உள்ளனர். சட்டப் பாதுகாப்பு இல்லாததால், பொதுமக்களின் மனநிலையே அவர்களுக்குப் பெரும் துணை அல்லது பெரும் ஆபத்து.

தோட்டத் தமிழர்களுக்கு இது புதிய பாடமல்ல. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் அழுதார்கள். ஆனால் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதையையே உலகம் முதலில் கேட்டது. அழுகை கேட்டால்தான் நியாயம் என்றால், கேட்காத அழுகைக்கு நியாயமே இல்லை. அதனால்தான் அகதிகளுக்குச் சட்டம் தேவை.