இருபதாவது பணி: நூலகர் காணொளி கற்பது எதற்காக?

2006 ஆகஸ்டில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள ஷார்லட் மெக்லன்பர்க் வட்டாரப் பொது நூலகம் தன் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கியது. வகுப்பறை இல்லை, ஆசிரியரும் இல்லை. வலைப்பதிவு ஒன்றில் 23 சிறு பணிகள் மட்டும். ஒன்பது வாரப் பாடத்திட்டம் அது. எல்லாவற்றையும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. வடிவமைத்தவர் ஹெலீன் புளோவர்ஸ். நூலகர்கள் செய்து பார்க்கத்தக்க 43 காரியங்கள் குறித்து ஸ்டீபன் ஏப்ரம் அவ்வாண்டு எழுதிய கட்டுரை அவருக்குத் தூண்டுதலாயிற்று. ‘லேர்னிங் 2.0’ என்ற இத்திட்டம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால், மெல்பர்னின் யாரா பிளென்டி வட்டார நூலகம் தொடங்கிப் பல நாட்டு நூலகங்கள் அதை எடுத்தாண்டன.

புதிய கருவிகள்மீது ஊழியர்களுக்கிருந்த அச்சத்தை இத்திட்டம் போக்கியது என்பதே அதற்குக் கிடைக்கும் வழக்கமான பாராட்டு. அது நியாயமானதே. ஆயினும் காணொளி தொடர்பான இருபதாவது பணியைத் தனியே எடுத்துப் பார்த்தால் திட்டத்தின் எல்லை புலப்படுகிறது. யூடியூபுக்குச் சென்று பிடித்த காணொளி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் பிடித்தது என்று எழுத வேண்டும். அத்தளத்தின் கூறுகளில் எது நூலக இணையதளத்துக்குப் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். காணொளியை வலைப்பதிவில் பதிப்பதுகூட விருப்பத்துக்கு விடப்பட்டது. யூடியூப் தோன்றி ஒன்றரை ஆண்டே ஆகியிருந்த அந்நாளில் அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால், கருவியைக் காட்டு, தொட்டுப் பார்க்கச் சொல், முடித்ததாகக் குறித்துக்கொள் என்ற அந்த முறையே பிற்காலப் பயிற்சிகளுக்கும் அளவுகோலாகிவிட்டது என்பதுதான் என் கவலை.

கருவியின் பெயரால் அமைந்த பாடம் அந்தக் கருவியோடு காலாவதியாகிறது. 23 பணிகளில் இடம்பெற்ற ரோலியோ, புளாக்லைன்ஸ் போன்ற இணையச் சேவைகள் இன்று பயன்பாட்டில் இல்லை. காணொளித் தொகுப்புக்குப் பலர் பழகிய விண்டோஸ் மூவி மேக்கருக்கான ஆதரவு 2017 ஜனவரியில் நின்றது. இணையக் காணொளிகளை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியோடு விடைபெற்றது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கற்றவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

உண்மையில், நூலகக் காணொளியின் கடினமான பகுதி நூலகருக்கு ஏற்கெனவே கைவந்த கலை. தரவுத்தளத்தில் தேடுவது எப்படி என்று மூன்று நிமிடத்தில் விளக்க வேண்டுமென்றால், வாசகர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். விசாரணை மேசையில் இருப்பவருக்கு அது தெரியும்; ஒளிப்பதிவாளருக்குத் தெரியாது. அடுத்து, தலைப்பு, விவரக் குறிப்பு, பொருட்சொற்கள், எந்த நிமிடத்தில் எது வருகிறது என்ற அட்டவணை. இவையெல்லாம் பட்டியலாக்கம் அன்றி வேறென்ன? ‘அறிமுகம் – பகுதி 2’ என்று மட்டும் பெயரிட்டு ஏற்றிய காணொளி, தவறான அலமாரியில் செருகிய நூலின் கதிக்கே ஆளாகும்.

பதிப்புரிமையும் அப்படித்தான். 2020 பெருந்தொற்றின்போது குழந்தைகளுக்கான கதை நேரத்தை நூலகங்கள் இணையத்துக்குக் கொண்டுபோயின. கதையை எதிரே அமர்ந்து வாசிப்பது வேறு, பதிவு செய்து பொதுவெளியில் வைப்பது வேறு. பதிப்பகங்கள் சில தற்காலிக அனுமதி தந்தன, நிபந்தனைகளும் விதித்தன. குறித்த நாளுக்குப்பின் நீக்கிவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கேமராவை மட்டும் கற்றவருக்கு இந்த நிபந்தனை கண்ணில் படாது.

சப்டைட்டிலை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். 2008-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 இணைய அணுகல் நெறிகள், ஒலியோடு கூடிய பதிவுக் காணொளிகளுக்கு அதை அடிப்படை நிலையிலேயே கட்டாயமாக்குகின்றன. யூடியூபின் தானியங்கி வசதி ஆசிரியர் பெயர்களையும் நூல் தலைப்புகளையும் எளிதில் சிதைத்துவிடும். காது கேளாத வாசகர் அந்தச் சிதைந்த பெயரைக் கொண்டுதான் தேடப் போகிறார். எனவே அதைத் திருத்துவதை அலங்கார வேலையாகக் கருத முடியாது.

ஓர் ஊழியர் மட்டுமே உள்ள சிறு நூலகத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. பிறர் எடுத்த நல்ல காணொளிகளைத் தேர்ந்து, விவரித்து, வாசகரிடம் சேர்ப்பதும் முழுமையான நூலகப் பணியே. அங்கே இருபதாவது பணியைச் சற்று ஆழப்படுத்தினாலே போதும். ஆனால் எந்த நூலகமானாலும் அதற்கான நேரம் பணி நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து, நூலகம் வளரும் உயிரி என்ற ஐந்தாம் விதியை விளக்கிய ரங்கநாதன், 1931-லேயே நூல், வாசகர் ஆகியவற்றோடு ஊழியரின் வளர்ச்சியையும் சேர்த்தே பேசினார். கட்டடத்துக்கு நிதி கேட்கும்போது அவ்விதியை நினைவுகூரும் நிர்வாகங்கள், பணி அட்டவணை போடும்போது அதை மறந்துவிடுகின்றன.

இருபதாவது பணியை இன்று எழுதினால் இப்படி அமைக்கலாம்: இம்மாதம் மேசையில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றை எடுங்கள். அதற்கு விடை தரும் காணொளி இருந்தால் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் கையிலுள்ள கைபேசியிலேயே எடுங்கள். சப்டைட்டிலைச் சொல் சொல்லாகச் சரிபாருங்கள். உரிமை யாருடையது என்று குறித்து வையுங்கள். அந்தக் கேள்வியோடு வரும் அடுத்த வாசகரிடம் காட்டி, எங்கே புரியவில்லை என்று கேட்டுத் திருத்துங்கள். ஓராண்டுக்குப்பின் மீண்டும் பாருங்கள். தேடுதிரை மாறியிருந்தால், பழைய பதிப்புகளை அலமாரியிலிருந்து கழிப்பதுபோல அதையும் கழித்துவிடுங்கள்.