முடியிழையில் முளைத்த அளவுகோல்

காற்றின் ஈரத்தைச் சில பொருள்கள் காட்டிக்கொடுக்கும் என்பது ஐரோப்பாவில் பழைய செய்தி. தராசின் ஒரு தட்டில் கம்பளியும் மறுதட்டில் கற்களும் வைத்தால், ஈரம் கூடும்போது கம்பளித் தட்டு தாழும் என்று நிக்கோலஸ் குசானஸ் 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ராபர்ட் ஹூக் 1665இல், காட்டு ஓட்ஸ் கதிரின் முறுக்கிய கூரிழையில் முள் பொருத்திக் காட்டினார். ஆனாலும் ஈரம் உண்மையில் அளக்கப்பட்டது, ஜெனீவாக்காரர் ஒராஸ் பெனெடிக்ட் தெ சோசூர் 1783இல் தம் நூலை வெளியிட்டபோதுதான் என்பேன். முந்தைய கருவிகள் நேற்றைவிட இன்று ஈரம் அதிகம் என்று சொல்லும். ஓர் ஊரின் கருவியை இன்னோர் ஊரின் கருவியோடு ஒப்பிட அவற்றில் வழியில்லை. சோசூர் மனித முடியைச் சோடா நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கினார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வரும்போது முடி ஏறத்தாழ இரண்டரை சதவீதம் நீளும். அந்தச் சிறு நீட்சிதான் முள்ளை நகர்த்தியது. அதைவிடப் பெரிய காரியம், உள்சுவர் நனைந்த கண்ணாடிக் கூண்டுக்குள் 100 என்றும், உப்பால் உலர்த்திய காற்றில் 0 என்றும் அவர் இரண்டு எல்லைகளைக் குறித்தது.

இதை அளவு என்பதா என்று கேட்டவர் அதே ஜெனீவாவில் பிறந்த ழான் ஆந்த்ரே டெலூக். திமிங்கிலத்தின் வாய்த் தகட்டிலிருந்து சீவிய இழையை நம்பிய அவர், ஈரம் நிறையும் தறுவாயில் முடி சரியாக அசைவதில்லை என்றார். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. பின்னாளில் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக் சோதித்தபோது, சோசூரின் முள் 72ஐக் காட்டும் காற்றில் ஈரம் பாதியளவே நிறைந்திருந்தது. ஆனால் அந்தப் பிழையைக் கணக்கிட்டு அட்டவணையாகத் திருத்த முடிந்ததே நிலையான எல்லைகள் இருந்ததால்தான். ஹூக்கின் ஓட்ஸ் இழையை அப்படித் திருத்த எவருக்கும் பிடி கிடைத்திருக்காது. டெலூக்கின் சண்டையும் சோசூருக்கு ஒருவகையில் சான்றே.

1820இல் டேனியலின் பனிநிலைக் கருவியும், பின்னர் நனைந்த துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியும் வந்தபின் முடி தேவையற்றுப் போனது என்பது இன்னொரு வாதம். துல்லியத்தில் அவை மேல்தான். ஆனால் உறைநிலைக்குக் கீழே ஈரக்குமிழின் துணியில் பனிக்கட்டி கட்டி வாசிப்பு தடுமாறும்; முடிக்கு நனைந்த துணியே வேண்டாம். சோசூரே 1787இல் மோன் பிளாங்க் உச்சிக்கு முடிக் கருவியைச் சுமந்துபோய், அங்குள்ள காற்று ஜெனீவாவைவிடப் பலமடங்கு வறண்டது என்று கண்டார். 1930களில் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பிய அமெரிக்க ரேடியோசோண்டுகளிலும் ஈரத்தை உணர்ந்தது மனித முடிதான்.