பெயர் சொல்லாத காதல்

செந்தூலில் நம் கோயிலும் பஞ்சாபியரின் குருத்துவாராவும் ஒரே வட்டாரத்தில்தான். ஆனாலும் 'ஒரு பஞ்சாபியக் கவிஞர் பெயரைச் சொல்லுங்க' என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். எனவே, ஃபைஸ் அகமது ஃபைஸை அறிந்துகொள்ளுங்கள்.

1911இல் சியால்கோட் பக்கம் பிறந்தவர். உருதுவில் மிகுதியாகவும் தாய்மொழி பஞ்சாபியில் சிலவும் எழுதினார். அவர் கையாண்ட கஜல், ஈரடிகளின் கோவை. ஒவ்வோர் ஈரடியும் குறள்போலத் தனித்தே பொருள் தரும். இறுதியில் கவிஞர் தம் முத்திரைப் பெயரை வைப்பதுண்டு. காதலிக்கு மட்டும் பெயர் கிடையாது. நம் அகத்திணையிலும் அப்படித்தானே?

1951இல் இராவல்பிண்டி சதி வழக்கில் கைதாகி, நான்கு ஆண்டுகள் சிறையிலிருந்தார். பின்னர் ஜியாவுல் ஹக் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, பெய்ரூட்டில் 'லோட்டஸ்' இதழாசிரியரானார். 1982 போருக்குப்பின் நாடு திரும்பி, 1984இல் லாகூரில் மறைந்தார். அவர் காதலியைப் பாடினாலும் வாசகர் தாய்நாட்டையும் சேர்த்தே கேட்டனர். தணிக்கைக்காரர் எந்தச் சொல்லை அடிப்பார்?

மாணவர்களே, தேர்வில் ஃபைஸ் வரமாட்டார். ஆனால் அகப்பாடலில் பெயர் சுட்டாதது ஏன் என்று கேட்டால், 'அது மரபு' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீங்க. பெயர் இல்லாத இடத்தில் யாரும் தம் பிரிவை வைத்துப் பார்க்கலாம்; அதையும் எழுதுங்கள்.