பீப்பாய்க்குள் நிற்கும் காற்று

இங்கிலாந்தில் வீட்டிலேயே தேன்மது போடுகிறவர்களின் அளவு ஒரு காலன் ஜாடி, அதாவது நாலரை லிட்டர். தேனும் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்ந்து நுரைத்து அடங்கியதும் அடியில் மண்டி இறங்கிவிடும். அதை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் குழாய் வைத்து இன்னொரு ஜாடிக்கு மாற்றினால் அரை லிட்டர் போல குறைந்துபோகும். கழுத்து வரை நின்றது தோளுக்குக் கீழே வந்துவிடும். நொதிக்கிற காலத்தில் மேலே உள்ள காலியிடத்தைப் பற்றிக் கவலையில்லை, கரியமில வாயு பொங்கி வந்து காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நொதிப்பு நின்ற பிறகு காற்றைத் தள்ள எதுவும் இல்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். வாரங்கள் போகப்போகப் பூமணம் மங்கும், நிறம் கறுக்கும், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை ஏறும். அசட்டிக் பாக்டீரியாவும் உள்ளே இருந்துவிட்டால் தேன்மது காடியாகிவிடும்.

நானும் இங்கே தேன்மது போடுகிறேன், தேனீயும் வளர்க்கிறேன். ஒரு தேனீ தன் ஆயுள் முழுக்க அலைந்து சேர்ப்பது ஒரு தேக்கரண்டித் தேனில் சிறு பங்குதான். அந்த உழைப்பு நம் அலட்சியத்தால் காடியாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்தக் காலியிடத்தோடு மல்லுக்கட்டிய முன்னோர்களைத் தேடிப் படித்தேன்.

நம்மவர்களிடமிருந்தே தொடங்கலாம். மலைக் குறவர் நீண்ட மூங்கில் குழாயில் விளையவைத்த தேன் தேறலைச் சுற்றத்தோடு அருந்திக் குரவை ஆடியதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. மலைபடுகடாத்திலும் மூங்கிலில் விளைந்த தேறல் உண்டு. பாத்திரமாக மூங்கிலைப் பாருங்கள். உயரம் அதிகம், வாய் குறுகல். அதே அளவு தேறலை அகன்ற சட்டியில் ஊற்றினால் காற்றைத் தொடும் பரப்பு பல மடங்கு. இன்றும் எங்கள் ஜாடிகளுக்குக் கழுத்து ஒடுங்கி இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த முன்னோர்களில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஆங்கிலேயரான சர் கெனெல்ம் டிக்பி. 1603-இல் பிறந்தவர். அரசரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கத் தீட்டிய வெடிமருந்துச் சதியில் சேர்ந்ததற்காக 1606-இல் தூக்கிலிடப்பட்ட எவரார்டு டிக்பியின் மகன். கடற்படையெடுப்பு, தத்துவம், ரசவாதம், அரசவைப் பதவி என்று எல்லாவற்றிலும் கைவைத்தவர். போன வீடுகளில் எல்லாம் சமையல் குறிப்புகளையும் கேட்டு எழுதிவைத்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1669-இல் அவை நூலாக வந்தன. அதில் தேன்மதுவுக்கும் மூலிகை சேர்த்த தேன்மதுவுக்கும் மட்டும் நூறுக்கு மேற்பட்ட குறிப்புகள். அரசருக்குத் தேன்மது காய்ச்சிய வெப் என்பவரின் முறையும் அங்கே இருக்கிறது. தேன் போதுமா என்று பார்க்க முட்டையை மிதக்கவிடுவார்கள். ஒரு சிறு நாணயத்தின் அகலத்துக்கு முட்டை மேலே தெரிந்தால் சரி.

குறிப்புக்குக் குறிப்பு மூலிகை மாறுகிறது, கொதிக்கும் நேரம் மாறுகிறது. ஆனால் ஒரு வேலை திரும்பத் திரும்ப வருகிறது. பீப்பாயை விளிம்பு வரை நிரப்பு; நுரைத்து வழிய வழிய, தனியே எடுத்துவைத்த தேன்நீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே இரு; அடங்கியதும் இறுக அடை. ஆக்சிஜன் என்ற பெயரே பிறக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. பீப்பாய் குறையவே கூடாது என்பது மட்டும் அந்த வீட்டுப் பெண்களுக்கும் சமையற்காரர்களுக்கும் திட்டமாகத் தெரிந்திருந்தது.

டிக்பிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1615-இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்க அரசர் முதலாம் ஜேம்ஸ் தடை போட்டதால், உலைகள் நிலக்கரிக்கு மாறின. சூடு கூடியது, கண்ணாடி தடித்தது. அந்தத் தடித்த கண்ணாடியில் கறுத்த, உறுதியான மதுப்புட்டியை உருவாக்கியவர் டிக்பி என்பார்கள். 1662-இல் வேறொருவர் உரிமை கோரியபோது, ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு முன்பே டிக்பிக்காக இதைச் செய்தோம் என்று கண்ணாடித் தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள். பீப்பாயில் குழாய் வைத்துக் குடிக்கத் தொடங்கிய நாள் முதல் உள்ளே காற்று ஏறும். புட்டியிலோ ஒவ்வொன்றும் கழுத்து வரை நிறைந்து, தனித்தனியே தக்கையோடு நிற்கும்.

பாத்திரம் ஏன் குறையக் கூடாது என்பதைச் சோதித்துக் காட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர். பிரெஞ்சு ஒயின்கள் கெடுவதை ஆராயும்படி 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டார். பாஸ்டரின் நூல் 1866-இல் வெளிவந்தது. கண்ணாடிக் குழாய்களில் சிலவற்றை ஒயினால் முழுக்க நிரப்பி மூடினார். சிலவற்றில் பாதிக்குக் காற்றை விட்டு மூடினார். முழுக்க நிறைந்தவை மாறாமல் இருந்தன. பாதி நிறைந்தவற்றில் நிறம் மாறி வண்டல் படிந்தது. எங்கள் ஜாடித் தோள் பிரச்சினைக்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. அவர் வளர்ந்த ஆர்புவா ஊர் இருக்கும் ஜூரா பகுதியிலேயே பீப்பாயைக் குறையவிட்டு ஆண்டுக்கணக்கில் வைக்கும் மஞ்சள் ஒயினும் உண்டு. அங்கே மேற்பரப்பில் ஈஸ்ட் ஆடையாகப் படர்ந்து காவல் காக்கிறது. அந்த ஆடை இல்லாத தேன்மதுவில் அதை முயல வேண்டாம்.

1953-இல் சர்க்கரைப் பங்கீடு முடிந்ததும் இங்கிலாந்தில் வீட்டு மதுக் கலை வேகமாகப் பரவியது. காலன் ஜாடியும் காற்றடைப்பானும் மது கெடாமல் காக்கும் கேம்ப்டன் மாத்திரையும் எங்கள் கைக்கு வந்தது அந்த வழியில்தான். குறைந்த ஜாடிக்குக் கண்ணாடிக் கோலிக்குண்டு போடுவது நல்ல யோசனை, கொதிநீரில் சுத்தம் செய்துவிட்டால். ஆனால் 16 மில்லிமீட்டர் குண்டு ஒன்று இரண்டு மில்லி லிட்டருக்குச் சற்று மேல்தான் இடம் அடைக்கும். அரை லிட்டருக்கு இருநூறுக்கு மேல் வேண்டும். தண்ணீர் ஊற்றி நிரப்புவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன், மதுவும் சுவையும் ஒருங்கே நீர்த்துப்போகும். கரியமில வாயு மேலே போர்வையாகக் கிடந்து காக்கும் என்று நம்பியிருப்பதும் வீண். ஜாடியைத் திறந்து மூடினால் வாயுக்கள் கலந்துவிடும்.

நான் டிக்பி காலத்து வழியையே பிடித்திருக்கிறேன். தொடக்கத்திலேயே ஐந்தரை லிட்டர் கலந்து, ஜாடிக்குப் போக மிஞ்சியதைச் சிறு புட்டியில் தனியே நொதிக்கவிடுகிறேன். மாற்றும் நாளில் அதை ஊற்றிக் கழுத்துக்குள் இரண்டு விரற்கடை வரை நிரப்பிவிட்டு அடைக்கிறேன். அதுவும் போதாவிட்டால் பெரிய ஜாடியைக் கைவிட்டு, மூன்று லிட்டரையும் ஒரு லிட்டரையுமாகப் பிரித்து வைக்கிறேன்.