எழுபதாம் எண் நிலை

சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களுக்கு ஒரு பழைய பரீட்சை உண்டு. பலகையில் இரண்டு ராஜாக்களும் ஏழு சிப்பாய்களும்தான். வெள்ளைக்கு ராஜா ஏ1ல், சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4ல். கறுப்புக்கு ராஜா ஏ7ல், சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5ல். எந்தச் சிப்பாயும் அசைய முடியாது. ஆட்டம் வெள்ளையுடையது.

1901ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த நிலை எமானுவேல் லாஸ்கர், குஸ்டவஸ் ரைக்ஹெல்ம் ஆகிய இருவரின் பெயரால் வழங்குகிறது. ரூபன் ஃபைன் 1941ல் எழுதிய முடிவாட்டப் புத்தகத்தில் இதன் எண் 70. கணினிக்காரர்களுக்கு அந்த எண்ணே பெயராகிவிட்டது.

வெற்றி தரும் முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்று: ராஜா பி1. முன்னேறத்தானே வேண்டும் என்று பி2க்கு ஏறினால், கறுப்பு ராஜா ஏ8ல் ஒதுங்கிக்கொள்ளும். வெள்ளை எதிர்பார்த்த வெற்றி வராது. வெள்ளை ராஜா நிற்கும் கட்டத்துக்கு ஏற்ற ஜோடிக் கட்டத்தில் கறுப்பு நின்றாக வேண்டும். அந்த ஜோடியில் ஆட வேண்டிய முறை யாருக்கு வருகிறதோ அவருக்குத்தான் சிக்கல். மனிதன் இந்த ஜோடிகளைக் காகிதத்தில் குறித்துக் கணக்குப் போடுவான். ஓவியர் மார்செல் டுஷாம் இப்படிப்பட்ட கட்டங்களைப் பற்றி 1932ல் விட்டாலி ஹால்பர்ஸ்டாட்டோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார்!

கணினி அப்படி யோசிப்பதில்லை, எண்ணிப் பார்க்கும். ஒரு சிப்பாயை வெல்லவே இருபுறமும் சேர்த்து 25 அடிக்கு மேல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து வழி என்று குறைத்தே வைத்தாலும், 26 அடிகளில் 1க்குப் பின் 18 பூஜ்யம் போட வேண்டிவரும். வீண் கிளைகளை வெட்டினாலும் கோடிக்கணக்கில் மிஞ்சும். மான்டி நியூபார்ன் 1977ல் விவரித்த 'பெசன்ட்' என்ற நிரல் ராஜா, சிப்பாய் முடிவாட்டங்களுக்காகவே எழுதப்பட்டது. அதற்கும் ஃபைன் புத்தகத்து நிலைகளே பரீட்சைத் தாள்.

வேடிக்கை என்னவென்றால், சிப்பாய் வெட்டுப்படும் வரை இதில் வரக்கூடிய நிலைகள் ஏழாயிரத்தைக்கூடத் தாண்டாது. ராஜாக்கள் மட்டும்தானே நகர்கிறார்கள்? ஒரே நிலை ஆயிரம் வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பார்த்ததை எழுதி வைத்துக்கொள்ளும் அட்டவணை இருந்தால் போதும். 1967ல் கிரீன்பிளாட்டின் 'மேக் ஹேக்' அதைப் பயன்படுத்தியது; நிலைகளை எண்ணாக மாற்றும் எளிய வழியை ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970ல் எழுதினார். ஆக 70ஆம் நிலை உண்மையில் சோதிப்பது வேகத்தை அல்ல, ஞாபகத்தை. இன்றும் புதிதாக நிரல் எழுதுபவர்கள் தங்கள் அட்டவணை சரியா என்று பார்க்க இதைத்தான் கொடுக்கிறார்கள். அட்டவணையில் பிழை இருந்தால் பி1 வருவதற்குள் விடிந்துவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. "ஒரு முறை ஆடாமல் விட்டாலும் நமக்கு நல்ல நிலைதானே, இந்தக் கிளையை விட்டுவிடலாம்" என்று நிரல்கள் நேரத்தை மிச்சப்படுத்துவது வழக்கம். இங்கோ ஆடியே ஆகவேண்டும் என்பதுதான் கறுப்பின் தலைவலி. அதனால் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சியதும் அந்தக் குறுக்குவழியை நிறுத்திவிடுகிறார்கள்.

விடைகளை முன்கூட்டியே கணித்து வைத்த முடிவாட்டத் தொகுப்புகள் 2012ல் ஏழு காய்களை எட்டின. இந்த நிலையில் ஒன்பது காய்கள். அங்கே போய் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.