வீடியோ விளையாட்டும் விமரிசனத் தராசும்

அப்பாஸிய கலீபா அல் முக்தஃபீயின் அவையில் நடந்த சதுரங்கப் போட்டி ஒன்றை வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதீ பதிவு செய்துள்ளார். அல் மாவர்தீ என்பார் அன்று அவையில் பெரும் ஆட்டக்காரர். கலீபாவின் அன்புக்கும் உரியவர். அவரை எதிர்த்து ஆட அபூபக்ர் அஸ்ஸூலீ என்னும் புதியவர் வந்து அமர்ந்தார். பழகிய பாசத்தினால் கலீபா தொடக்கத்தில் மாவர்தீயையே வெளிப்படையாக ஊக்கப்படுத்திக் கொண்டிருந்தார். ஆட்டம் வளர வளர ஸூலீயின் மேன்மை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. கலீபாவும் பாசத்தைக் கைவிட்டு, திறமை இருந்த பக்கம் திரும்பினார்.

இந்த ஸூலீ வெறும் ஆட்டக்காரர் அல்லர். அபூ தம்மாம் முதலிய கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்து ஆய்ந்த இலக்கியத் திறனாய்வாளர். சதுரங்கத்தைப் பற்றியும் நூல் யாத்தார். தமக்கு முற்பட்ட அல் அத்லீயின் முடிவுகள் சிலவற்றை அதில் மறுத்தார். கவிதையை நிறுத்த அதே அறிவு ஆட்டத்தையும் நிறுத்தது. விளையாட்டு என்பது சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதற்கு விமரிசனம் எதற்கு என்று கேட்போருக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பக்தாது நகரமே விடை தருகிறது.

நம் காலத்தில் விளையாட்டின் களம் சதுரங்கப் பலகையிலிருந்து மின்திரைக்கு மாறிவிட்டது. அந்தத் திரை நம் வீடுகளின் கூடத்திலும் பிள்ளைகளின் உள்ளங்கையிலும் வந்து அமர்ந்துவிட்டது. இவ்விளையாட்டுகளை எடை போட்டவர்கள் யார், எந்தப் படிக்கல்லைக் கொண்டு எடை போட்டார்கள், அவர்களுடைய தராசு எங்கே சாய்ந்தது என்பதை அறிவது நமக்கு இன்றியமையாததாகிறது.

தொடக்க காலம்

1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. திரையில் இரு கோடுகள், அவற்றிடையே துள்ளும் ஒரு புள்ளி, அவ்வளவே. 1978ல் ஜப்பானிலிருந்து ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தது. 1980ல் ‘பாக்-மேன்’ வந்தது. காசு போட்டு ஆடும் கூடங்கள் நிரம்பி வழிந்தன. விளையாட்டு பெருகியதும், எது நன்று எது தீது என்று சொல்லும் தேவையும் பிறந்தது. 1981ல் ஆர்னி காட்ஸ், பில் கங்கெல், ஜாய்ஸ் வொர்லி ஆகிய மூவரும் ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ என்னும் இதழை அமெரிக்காவில் தொடங்கினர். அதே ஆண்டில் ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ அங்கேயும், ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ இங்கிலாந்திலும் தோன்றின.

விமரிசனம் வலுப்பெறாத காலத்தில் நேர்ந்த இழப்புக்கு ஒரு சான்று உண்டு. ‘ஈ.டி.’ என்னும் புகழ்பெற்ற திரைப்படத்தை ஒட்டி, 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்கென அட்டாரி ஒரு விளையாட்டைத் தயாரித்தது. அதை உருவாக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்தே வாரம். படத்தின் பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். மறு ஆண்டே அமெரிக்க விளையாட்டுச் சந்தை சரிந்தது. தரமற்ற சரக்கு சந்தையில் குவிந்ததே அச்சரிவின் காரணங்களுள் முதன்மையானது. விற்காத பெட்டிகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். நெடுங்காலம் கட்டுக்கதை என்றே பலர் எண்ணிய அச்செய்தி, 2014ல் மண்ணைத் தோண்டியபோது மெய்யென்று தெரிந்தது.

மதிப்பெண்ணின் வருகை

1980களின் நடுவில் விமரிசனம் எண்களால் பேசத் தொடங்கியது. இங்கிலாந்தின் லட்லோ என்னும் சிற்றூரிலிருந்து 1984 முதல் வெளிவந்த ‘கிராஷ்’ இதழ், பள்ளி மாணவர்களையே விமரிசகர்களாக அமர்த்தியது. ஒரே விளையாட்டைப் பற்றிப் பலர் கருத்துரைப்பர்; இறுதியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவர். ஜப்பானில் 1986ல் தோன்றி, பின்னர் ‘ஃபாமிட்சு’ எனப் பெயர்பெற்ற இதழ் நால்வரை அமர்த்தியது. ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பிட, கூட்டுத்தொகை நாற்பதாகும். அந்த நாற்பதையும் முதன்முதலில் பெற்றது 1998ல் வந்த ‘செல்டா’ வரிசையின் ‘ஒக்கரினா ஆஃப் டைம்’. பன்னிரண்டு ஆண்டுகள் முழு மதிப்பெண்ணை எவருக்கும் ஈயாத கண்டிப்பை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஒருவர் சொல்லை மட்டும் நம்பாமல் நால்வரிடம் கேட்கும் இம்முறை நல்ல முறையே. ஆயினும், எண் ஒன்று வந்து அமர்ந்ததும் வாசகரின் கண் எழுத்தை விட்டு எண்ணின் மீது பாய்ந்தது. 2001ல் ‘மெட்டாகிரிட்டிக்’ பிறந்தது. பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி, ஒற்றை எண்ணாக்கித் தந்தது அது. அந்த எண் வணிகர்களின் கைக்கோலாகிவிட்டது. 2010ல் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்தார், மெட்டாகிரிட்டிக்கில் 85 பெற்றால் மிகை ஊதியம் உண்டு என்னும் உடன்படிக்கைக்கு உட்பட்டிருந்தனர். கிடைத்ததோ 84. ஒரே ஓர் எண்ணால் அத்தொகை கைநழுவியது என்று அந்நிறுவனத்தின் கிறிஸ் அவெல்லோன் 2012ல் வெளிப்படுத்தினார்.

இதனினும் கொடியது விளம்பரத்தின் கை. 2007ல் கேம்ஸ்பாட் என்னும் விமரிசன நிறுவனத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன், ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்னும் விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு என மதிப்பிட்டார். அவ்விளையாட்டின் விளம்பரங்கள் அங்கேயே பெரிதாக இடம்பெற்றிருந்தன. சில நாட்களில் கெர்ஸ்ட்மன் வேலையிழந்தார். அத்தகைய வணிக நெருக்கடியே தம் நீக்கத்துக்குக் காரணமென்று 2012ல் அவரே விளக்கினார். பணம் கொடுப்பவன் தராசின் தட்டில் விரலை வைத்தால் நிறுப்பவன் என்ன செய்வான்? முக்தஃபீ தம் பாசத்தை வென்றார். இக்கால வணிகம் தன் ஆதாயத்தை வெல்லவில்லை.

இனத்துக்கு ஏற்ற எடைக்கல்

பொன்னை நிறுக்கும் தராசில் நெல்லை நிறுக்க இயலாது. விளையாட்டுகளிலும் இனங்கள் பல. 1980களின் நடுவில் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ஸில் கதையும் இல்லை, மாந்தரும் இல்லை, விழும் கட்டைகளை அடுக்குவதே ஆட்டம். அதில் கதை எங்கே என்று கேட்பது பேதைமை. விதி எளிதா, அது அறிவுக்கு வேலை தருகிறதா என்பதே அங்கே கேட்கத் தக்க கேள்வி.

நகரமைப்பு விளையாட்டுக்குக் கேள்வி வேறு. 1989ல் வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’யில் ஆடுபவர் நகரின் தலைவராகிறார், வரி விதிக்கிறார், சாலை போடுகிறார். வரியை ஏற்றினால் குடிகள் வெளியேறுவர் என்பது போன்ற விதிகள் உள்ளே பொதிந்து கிடக்கின்றன. அவை இயற்கையின் விதிகள் அல்ல. ஒரு மனிதர் எழுதி வைத்த கருத்துகள். ஆடும் பிள்ளை அவற்றை உலக நியதி என்றே கற்றுக் கொள்ளும். அக்கருத்து யாருடையது என்று வினவுவதே நகரமைப்பு விளையாட்டின் விமரிசனம்.

1991ல் சிட் மெயர் தந்த ‘சிவிலிசேஷன்’ மனித வரலாற்றையே ஆட்டமாக்கியது. நாடு பிடித்தல், வளம் சுரண்டல், எதிரியை அழித்தல் ஆகியவை இவ்வினத்தின் படிகள். இதன் ஆறாம் வரிசையில், கனடாவின் பூர்வ குடிகளான கிரீ மக்களின் மறைந்த தலைவர் பவுண்ட்மேக்கர் 2018ல் சேர்க்கப்பட்டார். பெருமைப்படுத்துவதாகவே தயாரித்தவர்கள் எண்ணியிருப்பர். ஆனால், நிலம் பிடிப்பதே வெற்றி என்பது எங்கள் மரபு அன்று என்று அம்மக்களின் அப்போதைய தலைவர் ஒருவர் மறுப்புரைத்தார். தொழில்முறை விமரிசகர்களின் மதிப்பெண் பட்டியலில் அகப்படாத ஒரு குறை, அதனால் தொடப்பட்ட மக்களின் கண்ணுக்கு உடனே தெரிந்தது. இது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

முகமற்ற எதிரி

போர் விளையாட்டுகளுக்கு வருவோம். 2007ல் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’ தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் பெற்றுப் புகழின் உச்சிக்குச் சென்றது. அதன் ஒரு பகுதி நடப்பது பெயர் சொல்லப்படாத ஓர் அரபு நாட்டில். அங்கே சுடப்படுவோருக்குப் பெயரில்லை, குடும்பமில்லை. 2009ல் வந்த அடுத்த விளையாட்டில் கராச்சி நகரின் வீதிகள் இடம்பெற்றன. அங்கே கடைப் பலகைகள் அரபியில் தொங்கின. கராச்சியின் மொழி உர்தூ என்பதைக் கேட்டறியும் சிறு கவனமும் கோடிக்கணக்கில் செலவிட்ட தயாரிப்பில் இல்லாமற் போயிற்று. துப்பாக்கியின் ஓசை துல்லியமாக இருக்கிறதா என்று ஆராய்ந்த இதழ்கள் பல, சுடப்படுபவன் யார் என்று ஆராயவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் வித் ஷிஸ்லர். அரபியரும் முஸ்லிம்களும் இவ்விளையாட்டுகளில் காட்டப்படும் விதத்தை 2008ல் ஆய்ந்து எழுதினார். மேற்கத்தியப் படைவீரனுக்குப் பெயரும் குணமும் உண்டு, எதிரில் நிற்பவன் முகமற்ற கூட்டத்துள் ஒருவன் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. இதற்கு மாற்றாக, திமிஷ்கு நகரின் தாருல் ஃபிக்ர் பதிப்பகம் 2001ல் ‘அண்டர் ஆஷ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது ஃபலஸ்தீன எழுச்சியைப் பின்னணியாகக் கொண்டது. அங்கேயும் ஷிஸ்லர் நடுநிலை தவறவில்லை. இடம் மாறியதே தவிர, நாம் – அவர் என்னும் பிளவு மாறவில்லை என்று சுட்டினார். நமக்கு ஒரு தராசு, பிறர்க்கு ஒரு தராசு என்று வைத்துக் கொள்ளும் உரிமை நமக்கும் இல்லை.

போரைச் சொல்வதே தவறு என்று நாம் கூறவில்லை. 2014ல் போலந்து நாட்டவர் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ போரைத்தான் சொல்கிறது. ஆனால், ஆடுபவர் கையில் வெற்றி வீரன் இல்லை. முற்றுகையிட்ட நகரில் உணவும் மருந்தும் தேடும் ஏழைக் குடிமக்கள் இருக்கிறார்கள். 1992 முதல் 1996 வரை சரயேவோ மக்கள் பட்ட துயரமே அதற்கு ஊற்று. முதியவரின் மருந்தைத் திருடி உயிர் பிழைப்பதா, பசியோடு திரும்புவதா என்று அது ஆடுபவரின் மனச்சாட்சியைக் கேட்கிறது. போலந்து அரசு 2020ல் அதைப் பள்ளி மாணவர்க்குரிய துணைப் படைப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. ஒரே பொருள், ஒரே கருவி. மனிதனை மனிதனாகக் காண்பதில் மட்டுமே வேறுபாடு.

கண்டபின் தீர்ப்பு

அமெரிக்காவின் பெரும் திரைப்பட விமரிசகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என்று 2010ல் எழுதினார். மறுப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆடிப் பாராமலே தாம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சில மாதங்களில் அவர் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். 2011ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் நூலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள பேச்சுரிமைக் காப்பு இவற்றுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2012ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘பாக்-மேன்’, ‘டெட்ரிஸ்’ உள்ளிட்ட பதினான்கு விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. கலையென்னும் பெருமை கிடைத்துவிட்டது. கலைக்குரிய பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். வெறும் விளையாட்டுத்தானே என்று இனித் தப்ப இயலாது.

விமரிசனத்தின் பயனும் வீண் போகவில்லை. 2023ல் வந்த ‘அசாஸின்ஸ் கிரீட்: மிராஜ்’ ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதைக் களமாகக் கொண்டது. பைத்துல் ஹிக்மா என்னும் அறிவுமனையும் நூல்களும் வீதிகளும் அதில் உயிர் பெற்றுள்ளன. உரையாடலை அரபியிலேயே கேட்கவும் வகையுண்டு. அதுவும் வாளேந்திய கதைதான், குறைகளும் உண்டு. ஆயினும் பெயரற்ற பாலைவன நாட்டிலிருந்து பெயருள்ள ஒரு நகரத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு முன்னேற்றமே.

நம் இல்லங்களில் இதைக் குறித்து இரு வகைப் பெற்றோரைக் காண்கிறோம். காணாமலே தடுப்போர் ஒரு சாரார். காணாமலே வாங்கிக் கொடுப்போர் மறு சாரார். இரு சாராரும் ஈபர்ட் செய்த பிழையையே செய்கின்றனர். பிள்ளையின் அருகே ஒருமுறை அமர்ந்து பார்த்தால், இந்த ஆட்டத்தில் வெற்றி என்பது எது, தோற்பவன் யார், அவனுக்குப் பெயர் உண்டா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளையே விடை சொல்லும். ஒருகால் சுடப்படுபவனின் பெயர், பிள்ளையின் பாட்டனார் பெயராகவும் இருக்கலாம். அதைத் தானே கண்டு சொல்லக் கற்ற பிள்ளைக்கு, நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் பிறருடைய எண் இனித் தேவைப்படாது.